மலர் செய்த மங்கையர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மலரும் மங்கையும்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். தமிழாசிரியர்க்கு இஃது எளிய தலைப்பு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்துவிடும். கண்ணுக்குக் குவளை, பல்லுக்கு முல்லை, விரலுக்குக் காந்தள் என்று உவமைகளைத் தொடுத்தால் கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் இன்று காலை விழாவுக்குப் பூ வாங்கத் திண்டுக்கல் பூச்சந்தைக்குச் சென்றபோது வேறோர் எண்ணம் தோன்றியது. நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மல்லிகையை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். விடியுமுன் அதைப் பறித்த கைகள் பெண்களின் கைகள். கட்டித் தொடுக்கும் கைகளும் அவர்களுடையவையே. மங்கையை மலராகப் பாட நமக்குத் தெரிந்திருக்கிறது. மலருக்காக உழைத்த மங்கையை நாம் எத்தனை முறை பாடியிருக்கிறோம்? அதற்கும் ஒருபடி மேலே சென்று கேட்கிறேன்: உலகில் அதற்கு முன் இல்லாத ஒரு மலரையே ஆக்கிய மங்கையின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அத்தகைய இருவரைப் பற்றிப் பேச விழைகிறேன். ஒருவரைச் சுருக்கமாகவும், நம் மண்ணோடு நெருங்கிய மற்றவரைச் சற்று விரிவாகவும் கூறுவேன்.

சிங்கப்பூரில் ஒரு தோட்டம்

முதலாமவர் ஆக்னஸ் ஜோக்கிம். 1854-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வாழ்ந்த ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இருவகை ஆர்க்கிட் செடிகளை எடுத்துக்கொண்டார். ஒன்று மலேயா நாட்டுக்கு உரியது. மற்றொன்று பர்மா, வடகிழக்கு இந்தியப் பகுதிகளில் வளர்வது. ஒன்றன் மகரந்தத்தை மற்றதன் சூல்முடியில் சேர்த்து ஒரு புதிய மலரைப் பெற்றார். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ஆர்க்கிட் விதை தூசினும் நுண்ணியது. முளைக்கும் உயிருக்கு வேண்டிய உணவு அதனுள் இல்லை. ஒருவகைப் பூஞ்சையின் துணையின்றி இயற்கையில் அது முளைப்பதில்லை. முளைத்தாலும் பூக்க ஆண்டுகள் ஆகும். ஆய்வுக்கூட வசதி ஏதுமின்றி வீட்டுத் தோட்டத்தில் இதனைச் செய்தவர் அப்பெண்மணி.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி 1893-ஆம் ஆண்டு இம்மலரை விவரித்து எழுதியபோது, கலப்பினம் செய்தவர் ஜோக்கிம் என்றே தெளிவாகக் குறித்தார். மலரும் 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' என்று பெயர் பெற்றது. 1899-ஆம் ஆண்டு மலர்க் கண்காட்சியில் அரிய ஆர்க்கிட் என்று பரிசு பெற்ற அதே ஆண்டில் அவர் மறைந்தார். அவருக்குப் பின் வந்தவர்களோ, அவர் எதையும் செய்யவில்லை, மூங்கிற் புதரிடையே தற்செயலாய்க் கண்டெடுத்தார் என்று எழுதலாயினர். 1981-ஆம் ஆண்டு அம்மலர் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. மலரை ஆக்கியவர் என்னும் உரிமை அவருக்கு அலுவல்முறையில் மீண்டும் கிடைத்தது 2016-ஆம் ஆண்டில்தான். மலர் அரியணை ஏறிய பின்னரும் மலர் செய்தவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

தலைச்சேரியில் பிறந்தவர்

இரண்டாமவர் இடவலேத் கக்காட் ஜானகி அம்மாள். 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தை ஈ. கே. கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். பறவைகளிலும் செடிகொடிகளிலும் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். பிள்ளைகள் பலர் நிறைந்த பெரிய வீடு அது. தீயர் சமூகத்தைச் சேர்ந்த அக்குடும்பத்தில், தாய்வழிப் பாட்டனார் ஓர் ஆங்கிலேய அதிகாரி. இரு வேறு இனங்களின் கலப்பில் வந்த குடும்பத்தில் பிறந்தவர், பிற்காலத்தில் செடிகளின் கலப்பையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டார்.

சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்று, மாநிலக் கல்லூரியில் 1921-ஆம் ஆண்டு தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். பின் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். அக்காலத்தில் உறவுக்குள் அவருக்குத் திருமணம் பேசப்பட்டது. அதே வேளையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையும் வந்தது. அவர் கடலைக் கடந்தார். 1931-ஆம் ஆண்டு அங்கே அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். தாவரவியலில் அத்தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர் அவர்.

புல்லும் கரும்பும்

1934-ஆம் ஆண்டு முதல் 1939-ஆம் ஆண்டு வரை கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அவர் ஆற்றிய பணியே தமிழராகிய நமக்கு மிக நெருக்கமானது. அதனை விளக்குமுன் தொல்காப்பியரை ஒருமுறை நினைத்துக்கொள்வோம். புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் மரபியலில் வகுத்தவர் அவர். மூங்கிலும் கரும்பும் இவ்வகையில் புல்லே. இன்றைய தாவரவியலும் கரும்பு, சோளம், மக்காச்சோளம், மூங்கில் ஆகியவற்றைப் புல் குடும்பத்திலேயே சேர்க்கிறது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்த செய்தியைப் புறநானூறு சொல்கிறது. ஆகக் கரும்பு நமக்கு வரலாறும் ஆகிறது, இலக்கணமும் ஆகிறது.

ஆற்றங்கரை ஓரங்களில் வெண்கதிர் ஆட நிற்கும் நாணலை அனைவரும் கண்டிருப்பீர்கள். பேய்க்கரும்பு என்றும் அதனைச் சொல்வதுண்டு. பட்டினத்தடிகள் கையில் ஏந்தித் திரிந்து, திருவொற்றியூரில் அது தித்திக்கக் கண்டார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பேய்க்கரும்பு உண்மையிலேயே கரும்பின் உறவினம். சாறும் பருமனும் மிக்க உயர்வகைக் கரும்பு நோய்க்கும் குளிருக்கும் வறட்சிக்கும் எளிதில் தளரும். நாணலிலோ இனிப்பு மிகக் குறைவு, உறுதி மிகுதி. இரண்டையும் கலந்தால் இனிமையும் உறுதியும் ஒருங்கே அமையும். கரும்பு பூத்து விதை கொள்ளும் தட்பவெப்பம் கோவையில் இருந்தமையால் 1912-ஆம் ஆண்டு அங்கே நிலையம் தோன்றியது. உயர்வகைக் கரும்பையும் நாணலையும் கலந்து பெற்ற கோ 205 என்னும் வகை 1918-ஆம் ஆண்டில் வடநாட்டு வயல்களுக்குச் சென்றது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறியாக வேண்டும். ஜானகி அம்மாளைப் புகழும் கட்டுரைகள் சில, இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவரே அவர்தாம் என்று எழுதிவிடுகின்றன. அது பிழை. அந்த முதற்கலப்பு பார்பர் என்னும் அறிஞர் காலத்தது. அதனை வளர்த்தெடுத்தவர் டி. எஸ். வெங்கட்ராமன். கோ 205 வயலுக்குச் சென்றபோது ஜானகி அம்மாள் கல்லூரி மாணவி. ஒருவர் பெயரை மறைப்பது எவ்வாறு அநீதியோ, அவ்வாறே பிறர் பணியை எடுத்து அவர் தலையில் சூட்டுவதும் அநீதி. மெய்யான பெருமை இருக்கையில் பொய்ப்பெருமை எதற்கு?

அவருடைய மெய்யான பெருமை யாது? கலப்பு ஏன் நிகழ்கிறது, எங்ஙனம் நிகழ்கிறது என்பதை உயிரணுவுக்குள் சென்று பார்த்தவர் அவர். உயிரணுவினுள் மரபுப் பண்புகளைச் சுமந்து நிற்கும் நுண்ணிழைகளைக் குரோமோசோம் என்கிறோம். உயர்வகைக் கரும்பில் அவை 80. நாணலிலோ இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறுகிறது. 40 முதல் 128 வரை காணப்படுகிறது. இந்த மாற்றத்தின் பொருளைத் தேடினார். மேலும் ஒருபடி சென்று, கரும்பை அதன் இனத்தோடன்றி வேற்றினப் புற்களோடும் கலந்தார். கரும்பும் மக்காச்சோளமும் கலந்த கலப்பினத்தைப் பற்றி 1938-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார். 20 குரோமோசோம் உடைய மக்காச்சோளமும் 80 உடைய கரும்பும் ஒரு விதையில் கூடுவது எத்தனை அரிது! தொல்காப்பியர் ஒரே பெயரிட்டு அழைத்த புற்களை, அவர் ஒரே விதைக்குள் அழைத்து வந்தார் எனலாம்.

போரும் பூவும்

இத்துணைத் திறமையுடையவர்க்குக் கோவை வாழ்க்கை இனிதாக அமையவில்லை. பெண் என்பதும், மணமாகாதவர் என்பதும், பிறந்த சாதியும் உடன் பணியாற்றியோரிடையே அவருக்கு இடர்களாயின என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். கரும்போடு நாணலைச் சேர்த்து வைக்கும் ஆய்வுக்கூடத்தில், மனிதரோடு மனிதர் சேர்ந்திருக்க முடியவில்லை. இதனினும் பெரிய முரணை நம் கவிஞர்கள் கற்பனையாலும் படைக்க இயலாது.

1939-ஆம் ஆண்டு எடின்பரோவில் நிகழ்ந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். உலகப் போர் மூண்டது. அங்கேயே தங்கினார். இலண்டனை அடுத்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1940 முதல் 1945 வரை பணி. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் ஒதுங்கி, காலையில் அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு நுண்ணோக்கியின் முன் அமர்வாராம். அவ்வாண்டுகளில் டார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து அவர் தொகுத்த, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூல் 1945-ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நூலின் முகப்பில் இருவர் பெயரும் உள்ளன. ஊர்கள் இடிந்துகொண்டிருந்த நாளில், உலகின் செடிகளை ஒவ்வொன்றாய் எண்ணிப் பெயரோடு பதிந்து வைத்தார்கள். கபிலர் பட்டியலிட்டதும் அத்தகைய அன்பினால்தானே!

பின்னர் 1951 வரை இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லித் தோட்டத்தில் பணியாற்றினார். அங்கே அவர் கைப்பட்டவை மக்னோலியா மரங்கள். நம் செண்பகத்தின் உறவினம் இது. முளைத்தெழும் நாற்றின் நுனியில் கோல்ச்சிசின் என்னும் மருந்துக் கரைசலை இட்டார். பிரிய வேண்டிய குரோமோசோம்களைப் பிரியவிடாமல் தடுத்து, அவற்றின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது அம்மருந்து. இலையும் இதழும் தடித்துச் செழித்த மரங்கள் வளர்ந்தன. அவற்றுள் ஒரு வகை 'ஜானகி அம்மாள்' என்னும் பெயரையே தாங்குகிறது.

கோல்ச்சிசின் என்றதும் ஏதோ அயல்நாட்டுப் பொருள் என்று எண்ண வேண்டா. நம் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் பந்தற்கம்பிகளில் படரவிட்டுக் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்களே, அதன் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதே கோல்ச்சிசின். கண்வலிக்கிழங்கு என்று உழவர் சொல்வதைப் புலவர் செங்காந்தள் என்பர். மங்கையின் விரலுக்கு நாம் உவமை சொல்லும் அதே காந்தள்! உவமையாக நின்ற மலருக்குள் புதுமலர் ஆக்கும் ஆற்றலும் இருந்திருக்கிறது. பெண்ணைப் பற்றியும் இதனையே சொல்லத் தோன்றுகிறது.

காட்டின் பக்கம் நின்றவர்

நேருவின் அழைப்பை ஏற்று 1951-ஆம் ஆண்டு தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். 1955-ஆம் ஆண்டு பிரின்ஸ்டனில், மனிதன் நிலவுலகின் முகத்தை மாற்றிய வரலாறு குறித்து ஒரு கருத்தரங்கு நடந்தது. அங்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். 1977-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். பணி நிறைவுக்குப்பின் 1970-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வுக்கூடத்தையே வீடாகக் கொண்டார். பிற்காலத்தில் மஞ்சள் பட்டுடுத்தி ஒரு துறவியைப்போல் எளிமையாய் வாழ்ந்தார் என்று அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர்.

எண்பதை எட்டிய வயதிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க முயன்றபோது, எதிர்த்தெழுந்த குரல்களுள் அவர் குரலும் ஒன்று. வாழ்நாள் முழுவதும் செடிகளை மாற்றியமைத்தவர், மாறாத காட்டைக் காக்க ஏன் எழுந்தார்? எண்ணிப் பார்த்தால் முரண் ஏதும் இல்லை. நாணல் அழிந்தால் கரும்புக்கு உறுதி தர ஆளில்லை. வயலில் விளைவதற்குக் காட்டில் ஓர் உறவு வேண்டும். இதனைக் குரோமோசோம் எண்ணி எண்ணி அறிந்தவர் அவர். 1983-ஆம் ஆண்டு அத்திட்டம் கைவிடப்பட்டது. 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் தம் 86-ஆம் வயதில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை.

அவரது முழுமையான வாழ்க்கை வரலாற்றை சாவித்திரி பிரீதா நாயர் எழுத, 2022-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. அதற்கு முன் 2018-ஆம் ஆண்டில் இன்னொரு சிறப்பும் வந்தது. அது வந்த இடம் நம் மாவட்டம். கொடைக்கானலில் ரோஜா இனப்பெருக்கத்தில் பல்லாண்டு உழைத்த வீரு வீரராகவன், கிரிஜா வீரராகவன் இணையர், தாங்கள் உருவாக்கிய புதிய ரோஜா ஒன்றுக்கு 'ஈ. கே. ஜானகி அம்மாள்' என்று பெயர் சூட்டினர். அவ்விணையர் உழைப்பின் அடிப்படையும் கருதத்தக்கது. குளிர்நாட்டு ரோஜா நம் வெயிலில் வாடுகிறது. ஆகவே மணிப்பூர் மலையிலும் நம் நாட்டு நீர்க்கரைகளிலும் வளரும் காட்டு ரோஜாக்களைத் தேடி எடுத்து, வெப்பம் தாங்கும் இனங்களை உருவாக்க முயன்றனர். நாணல் கரும்புக்குச் செய்ததைக் காட்டு ரோஜா தோட்ட ரோஜாவுக்குச் செய்தது. இம்மண்டபத்திலிருந்து மேற்கே நோக்கினால் தெரியும் அந்த மலைத்தொடரில், நாம் அறியாமலே, நாம் மறந்த ஒருவர் பெயரில் ஒரு மலர் மலர்ந்திருக்கிறது.

நமக்கு ஒரு வேண்டுகோள்

அவையோரே! இறுதியாக நம் வட்டத்தைப் பற்றி ஒரு சொல். நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் மாதக் கூட்டம் ஒன்றில் ஓர் இளைஞர் ஒரு கவிதை வாசித்தார். கிணற்றில் தண்ணீர் வற்றிய ஆண்டில் ஒரு தாய் விதைநெல்லைக் காத்த கதை அது. அவை எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன். பாராட்டிப் பேசியவர்களுள் நானும் ஒருத்தி. மறுவாரம் என் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்றாள். "அம்மா, அன்று அண்ணன் வாசித்தது நான் எழுதியது" என்றாள். "பின் ஏன் உன் பெயரில் வாசிக்கவில்லை?" என்றேன். "பெண் கவிதை எழுதுகிறாள் என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகுமாம். வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள்" என்றாள். "நீங்கள் யாரிடமும் சொல்லக்கூடாது அம்மா" என்று கையையும் பற்றிக்கொண்டாள்.

நான் சொல்லவில்லை. அதனை இரக்கம் என்று அன்று எண்ணியிருந்தேன். ஜோக்கிமின் வரலாற்றைப் படித்தபோதுதான் நெஞ்சு குத்தியது. அவர் எதையும் செய்யவில்லை என்று எழுதியவர்கள் அனைவரும் கொடியவர்கள் அல்லர். அவர்களுள் பலர் அறியாமல் எழுதியவர்கள். ஆனால் நான் அறிந்தே வாய்மூடி இருந்தேன். முனைவர் பட்டம் பெற்றவள், பெண்கல்வி குறித்து மேடைதோறும் பேசுகிறவள், ஒரு பெண்ணின் கவிதை ஓர் ஆணின் பெயரில் கைத்தட்டல் பெறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்குற்றத்தை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன்.

எனவே என் வேண்டுகோள் எளியது. இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில், இங்கே வாசிக்கப்படும் ஒவ்வொரு படைப்பும் எழுதியவர் பெயரிலேயே வாசிக்கப்பட வேண்டும். பெயர் சொல்ல அஞ்சும் பெண்ணின் வீட்டிற்கு, நம்முள் மூத்த ஐயாமார்கள் இருவரேனும் சென்று பெற்றோரிடம் பேச வேண்டும். நான் உடன் வருகிறேன். கவிஞர்களுக்கும் ஒன்று சொல்வேன். அடுத்த முறை மலரைப் பாடும்போது, அதை நட்டவள் யார், பறித்தவள் யார், ஆக்கியவள் யார் என்று ஒரு கணம் கேளுங்கள்.

அம்மாணவியின் பெயரை இன்றும் நான் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியவள் அவளே. ஆனால் ஒரு மகிழ்ச்சியான செய்தி. இந்த மலருக்குக் கவிதை அனுப்பியோர் பட்டியலைப் பொறுப்பாளர் ஐயா நேற்று என்னிடம் காட்டினார். அவள் தன் பெயரிலேயே ஒன்று தந்திருக்கிறாள். எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லாப் பக்கங்களையும் படியுங்கள். ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள்.